வைத்த காயை எடுக்கக் கேட்கலாமா?

இணையத்தில் செஸ் ஆடத் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஓப்பனிங்கைப் பற்றியும் இல்லை, எண்ட்கேமைப் பற்றியும் இல்லை. "ஐயா, தப்பா வச்சிட்டேன். டேக்பேக் கேட்டேன், தரமாட்டேன்னுட்டான். இது நியாயமா?" இதுதான் கேள்வி. வைத்த காயைத் திரும்ப எடுத்துக்கொள்ள எதிராளியிடம் அனுமதி கேட்பதுதான் டேக்பேக். சிலர் மறுபக்கத்திலிருந்து வருவார்கள்: "பாவம்னு கொடுத்தேன், கடைசியில அவனே ஜெயிச்சிட்டான்." இரு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன். உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களும் உண்டு. பலகைக்குப் புதியவர் யாரானாலும் எனக்குத் தம்பி தங்கைதான், கோபிக்க வேண்டாம்.

1. முதலில் நேர்ப் பலகையின் சட்டத்தைத் தெரிந்துகொள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் நான்காவது பிரிவு முழுக்கக் கையைப் பற்றியதுதான். உன் காயைத் தொட்டால் அதையே ஆட வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட வழியிருக்கும்வரை வெட்டியாக வேண்டும். கட்டத்தில் வைத்து விரலை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. கோணலாக நிற்கும் காயை நேராக்க வேண்டுமா? உன் முறை வரும்போது, "சரிசெய்கிறேன்" என்று முதலில் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் தொடு. 2016-இல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் நாகமுரா ராஜாவைத் தொட்டார், சரிசெய்ததாகச் சொன்னார், எதிரே இருந்த அரோனியன் ஒப்பவில்லை. ராஜாவையே நகர்த்த வேண்டியதாயிற்று. ஆட்டமும் போனது.

சட்டம் இருந்தும் தப்பிய கதையும் உண்டு. 1994, ஸ்பெயினில் லினாரெஸ் போட்டி. காஸ்பரோவ் குதிரையை சி5 கட்டத்தில் வைத்தார், விரல் விலகியது, மறுபடி பிடித்து எஃப்8-க்குக் கொண்டுபோனார். எதிரே 17 வயது யூதித் போல்கார். அந்த இடத்தில் அவர் முறையிடவில்லை. விரல் விலகியது சுமார் கால் விநாடி. அதைத் தொலைக்காட்சிக் கேமரா பிடித்திருந்தது. ஆனால் ஆட்டத்தைக் காஸ்பரோவே வென்றார். இதிலிருந்து பாடம் இதுதான்: எதிராளி காயை எடுத்து மாற்றி வைத்தால் நீ உடனே, உன் காயைத் தொடுவதற்கு முன்பே, கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட வேண்டும். நீ ஒரு காயைத் தொட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். நேர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது.

2. திரை உனக்கு ஏற்கெனவே இரண்டு சலுகை கொடுத்திருக்கிறது. ராணியைத் தூக்கிப் பலகை முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு அதே கட்டத்தில் திரும்ப வைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். விதிக்குப் புறம்பான நகர்த்தலைத் திரை ஏற்கவே ஏற்காது. நேர்ப் பலகையில் அதே தவறுக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள், இரண்டாவது முறை செய்தால் ஆட்டமே போகும். இவ்வளவையும் அனுபவித்துவிட்டு, வைத்த காயையும் திருப்பித் தா என்று கேட்பது மூன்றாவது சலுகை. கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

3. அதே சமயம் திரை ஒரு புது அநியாயத்தையும் கொண்டுவந்திருக்கிறது. நேர்ப் பலகையில் கை நடுங்கி ராணி பக்கத்துக் கட்டத்தில் விழுவது அபூர்வம். கைபேசியில் அது அன்றாடம். ஜி7-இல் போய் மேட் சொல்ல வேண்டிய ராணி ஜி6-இல் விழுந்து சிப்பாயிடம் வெட்டுப்படும். இதைத்தான் மவுஸ் ஸ்லிப் என்கிறார்கள். டேக்பேக் என்ற வசதிக்கு ஏதாவது நியாயம் உண்டென்றால் அது இந்த ஒரு இடத்தில்தான்.

ஆனால் அந்த நியாயத்தைக் கேட்டு நிற்பதற்கு முன்னால் செட்டிங்ஸுக்குப் போ. லிசெஸ் தளத்தில் ஆடுகிறவன் என்றால், காயை இழுத்து வைப்பதா, கட்டத்தைத் தொட்டு வைப்பதா என்று தேர்ந்துகொள்ளலாம். சின்னத் திரையில் தொட்டு வைப்பதே நல்லது. நிதான ஆட்டங்களுக்கு, நகர்த்தியபின் "உறுதியா?" என்று கேட்கும் வசதி இருக்கிறது, போட்டுக்கொள். சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டியதும் தானாக ராணியாகும் வசதியை நிறுத்திவை. யானை கேட்க வேண்டிய இடத்தில் ராணி வந்து ஸ்டேல்மேட் ஆனதும் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் அநேகம். எதிராளி ஆடுவதற்கு முன்பே ப்ரீமூவ் போட்டுவிட்டு, அவன் வேறொன்று ஆடினான் என்று டேக்பேக் கேட்காதே. பார்க்காமலே ஆடுவேன் என்று நீயே எடுத்த முடிவு அது.

4. கேட்பதென்றால் விரல் செய்த தவறுக்கு மட்டும் கேள். மூளை செய்த தவறுக்குக் கேட்காதே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்கு மட்டும்தான் தெரியும். எதிராளிக்குத் தெரிய வழியே இல்லை. அதனால்தான் கேட்கிறவன் நேர்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. காய் விழுந்த அந்தக் கணமே, எதிராளி பதில் ஆடுவதற்குள் கேட்க வேண்டும். அவன் பதிலைப் பார்த்தபின் கேட்டால், அவன் யோசித்துக் கண்டுபிடித்ததை இலவசமாக வாங்கிக்கொண்டு கூடவே காயையும் கேட்கிறாய். சின்ன வயதில் தெருவில் இதற்கு அழுகுணி ஆட்டம் என்று பேர் வைத்திருந்தோம்.

ஒரு ஆட்டத்துக்கு ஒருமுறை. மறுத்தால் மறுபடி அழுத்தாதே. "ப்ளீஸ்" என்று சாட்டில் பத்து வரி எழுதாதே.

5. ரேட்டிங் ஆட்டத்தில் கேட்கவே கேட்காதே.

இதில் நான் கொஞ்சம் கறார். செஸ்.காமில் ரேட்டிங் ஆட்டத்தில் அதற்கு இடமே இல்லை. லிசெஸ்ஸில் எதிராளி சம்மதித்தால் நடக்கும். எப்போதும், ரேட்டிங் இல்லாத ஆட்டத்தில் மட்டும், ஒருபோதும் இல்லை என்று மூன்று நிலைகளில் அவரவரே தேர்ந்துகொள்ளலாம். நடுவில் இருப்பதைத் தேர்ந்துகொள் என்பதே நான் எல்லாரிடமும் சொல்வது. "இரண்டு பேரும் மனமொத்துக் கொடுத்து வாங்கினால் உங்களுக்கென்ன?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ரேட்டிங் இரண்டு பேர் சொத்தாக இருந்தால் எனக்கு ஒன்றுமில்லைதான். அது ஊர்க் கிணறு. நீ எடுத்து வைத்து வென்ற புள்ளியோடு நாளைக்கு மூன்றாவது ஆள் ஒருவனோடு உட்காருவாய். அவன் ஜெயித்தால் எவ்வளவு ஏறும், தோற்றால் எவ்வளவு இறங்கும் என்பது உன் எண்ணை வைத்துத்தான் கணக்காகும். அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே?

விரல் தவறியது உண்மையாகவே இருந்தாலுமா? ஆம். கவனமும் கைப்பக்குவமும் சேர்ந்ததுதான் அந்த எண். அஞ்சலில் செஸ் ஆடியவர்கள் இதைவிடக் கடுமையாகத் தாங்கினார்கள். அட்டையில் ஒரு எழுத்தைத் தவறாக எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டால், அது விதிக்கு உட்பட்ட நகர்த்தலாக இருக்கும் பட்சத்தில் அப்படியே நின்றது. மாதக்கணக்கில் நடந்த ஆட்டம் ஒரு பேனாப் பிழையில் போகும். 1990-களின் இணைய செஸ் சர்வர்களில் டேக்பேக் என்று தட்டும் கட்டளை இருந்தது. அதுவும் எதிராளி ஒப்பினால்தான். கேட்பது புதுப் பழக்கமில்லை. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நினைப்பதுதான் புதிது.

பெரியவர்களும் இதற்கு விலக்கில்லை. 2022 மே மாதம், செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் இணையவழிப் போட்டியில், சமனாக முடியும் என்று தோன்றிய ஆட்டத்தில் 40-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் குதிரையைத் தப்பான இடத்தில் வைத்தார். திரைக்கு இந்தப் பக்கம் நம் பிரக்ஞானந்தா, வயது 16. அப்போதைய உலகச் சாம்பியனுக்கு எழுந்துபோவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

6. மறுக்க உனக்கு முழு உரிமை உண்டு. மறுத்ததற்காக மன்னிப்பும் கேட்க வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். "கொடுக்காதவன் கெட்டவன்" என்று சாட்டில் திட்டுகிறவர்கள் இருப்பார்கள். சாட்டை மூடிவிட்டு ஆடு.

7. கொடுப்பதென்றால் முகம் சுளிக்காமல் கொடு. கொடுத்தபின் தோற்றால் அதைச் சொல்லிக் காட்டாதே, நீதானே கொடுத்தாய்? கொடுக்க வேறு வழிகளும் உண்டு. லிசெஸ்ஸில் எதிராளிக்கு 15 விநாடி கூட்டித் தரும் பொத்தான் இருக்கிறது. அவனுக்கு இணையம் தடுமாறுவது தெரிந்தால் அழுத்து. கேட்காமல் கொடுத்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2020-இல் நடந்தது. அதுவும் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ்தான், அரையிறுதி. கார்ல்சனோடு ஆடிய டிங் லிரனுக்கு இணைப்பு அறுந்து ஒரு ஆட்டம் போனது. அடுத்த ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கார்ல்சன் தன் ராணியை வேண்டுமென்றே கொடுத்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். போன ஆட்டத்தின் முடிவை யாரும் அழிக்கவில்லை; விதி அதன் இடத்தில் இருந்தது. விதிக்கு மேலே ஒருவர் செய்யக்கூடியதை அவர் செய்தார். அவர் அப்படிச் செய்திருக்கக் கூடாது, போட்டி போட்டியாகவே நடக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

8. புல்லட் ஆட்டத்தில் டேக்பேக் என்ற பேச்சே வேண்டாம். ஒரு நிமிடக் கடிகாரத்தில், உன் கோரிக்கையைப் படிக்கும் நேரத்திலேயே அவன் கொடி விழுந்துவிடும்.

9. வீட்டில் தம்பியோடு, மகளோடு, தாத்தாவோடு ஆடும்போது இந்தக் கறாரெல்லாம் தேவையில்லை. சொல்லிக்கொடுக்கும் ஆட்டத்தில் தாராளமாக எடுத்து வைக்க விடு. ஒரே ஒரு நிபந்தனை போடு: காயை எடுப்பதற்கு முன்னால், இப்போது வைத்த இடத்தில் என்ன ஆபத்து என்று குழந்தை தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் எடுக்கலாம். சொல்லத் தெரியவில்லையென்றால் இன்னும் இரண்டு நகர்த்தல் ஆடிக் காட்டு, பிறகு திரும்பி வா. நேர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்ட பிள்ளையானால், போட்டிக்குச் சில வாரம் முன்பிருந்தே இதையும் நிறுத்திவிடு. கை பழகியபடிதான் போகும்.

10. கணினியோடு ஆடும்போது அன்டூ பொத்தானை விரல் தானாகத் தேடுகிறதா, கவனி. கணினிக்குச் சலிப்பில்லை, கோபமில்லை. எத்தனை முறை கேட்டாலும் கொடுக்கும். அப்படியே பழகியவர்கள்தான் மனிதனோடு உட்காரும்போது மறுப்பைத் தாங்கமுடியாமல் தவிக்கிறார்கள். கணினியோடு ஆடும்போதும் பாதி ஆட்டங்களையாவது அன்டூ இல்லாமல் ஆடு.

11. தவறிய நகர்த்தல் மனதை அரிக்கிறதென்றால் ஆட்டம் முடிந்ததும் அனாலிசிஸ் பலகையைத் திற. அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னால் போகலாம், எந்தக் காயை வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம், எவன் சம்மதமும் தேவையில்லை. என்ஜினை உடனே ஓடவிடாதே. தவறிய இடத்துக்கு முந்தைய நிலையில் நிறுத்தி, ஒரு தாளில் நீ என்ன ஆடியிருக்க வேண்டும் என்று எழுது. எதிராளியின் பதிலையும் எழுது. அப்புறம் என்ஜினைப் போட்டு ஒப்பிட்டுப் பார். எதிராளி இன்னும் இணையத்தில் இருந்தால் மறு ஆட்டம் கேள். நிறம் மாறி வரும், இந்த முறை கட்டத்தைத் தொட்டு வை.