தணல் இருக்கும்வரை தகடு திறந்திருக்கட்டும்

கேள்வி: பள்ளி விடுமுறைக்குப் பிரேசர் மலையில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கூடத்தில் கணப்பு அடுப்பு இருக்கிறது. அதற்குள் மேல்பக்கம் ஓர் இரும்புப் பிடி. தூங்கப் போகும்முன் அதை இழுத்து மூடிவிட்டால் குளிர் இறங்காது என்கிறார் என் கணவர். சரிதானா?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: குளிர் இறங்காது என்பது சரி. தூங்கப் போகும்முன் என்பதுதான் தவறு.

அந்தப் பிடி டேம்பருடையது. புகைபோக்கி தொடங்கும் இடத்தில் உள்ள இரும்புத் தகடு அது. நெருப்பில்லாத நாளில் மூடிவைத்தால் குளிர்காற்றும் வௌவாலும் கூடத்துக்குள் வராது. நெருப்பு மூட்டும்முன் முழுதாகத் திறந்துவிட வேண்டும். சாம்பல் தொட்டால் சில்லென்று ஆகும்வரை மூடவே கூடாது.

சுவாலை அடங்கினாலும் சாம்பலுக்கு அடியில் தணல் மறுநாள்வரைகூடக் கனலும். அதிலிருந்து கிளம்புவது கார்பன் மோனாக்சைடு. புகையாவது கண்ணைக் கரிக்கும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தகட்டை மூடினால் அது வந்து சேரும் இடம் நீங்கள் படுத்திருக்கும் வீடுதான். இரவில் கொஞ்சம் குளிரட்டுமே, கம்பளி எதற்கு இருக்கிறது?

முதலில் பங்களாவைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். 1920களில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் நினைப்பில் உருவாக்கிய மலைவாசத்தலம் பிரேசர் மலை. அந்தக் காலத்துக் கணப்பு இன்று வெறும் அழகுக்காக இருக்கலாம். புகைபோக்கியை அடைத்திருக்கலாம், பறவை கூடு கட்டியிருக்கலாம். கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாவிட்டால் மூட்டாதீர்கள்.

எல்லாம் சரி என்றால், பிடியை நகர்த்திவிட்டு டார்ச் அடித்துத் தகட்டைக் கண்ணால் பாருங்கள். துருவேறிய இடத்தில் பிடி அசையும், தகடு அசையாது. ஜன்னலைச் சற்றுத் திறந்து, அடுப்புக்குள் ஓர் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை மேலே ஏறினால் நல்லது. முகத்துக்குத் திரும்பினால், நாளிதழைச் சுருட்டிக் கொளுத்தித் தகட்டுக்கு அருகில் பிடித்துச் சூடேற்றிப் பாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் ஆசையை விட்டுவிடுங்கள். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மூடுபனியில் வெளியே கிடந்த கட்டை உதவாது.

பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் பலருக்கு ஒருசேரத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால், கோல குபு பாருவிலிருந்து ஏறிவந்த மலைப்பாதையின் வளைவுகள்மேல் பழியைப் போடாதீர்கள். எல்லாரும் வெளியே வந்துவிட்டு 999ஐ அழையுங்கள்.

கேள்வி: மழை பிடித்துக்கொண்டால் பார்பிகியூ கரி அடுப்பைக் கூடத்துக்குள் தூக்கிவந்து ஜன்னலைத் திறந்துவைக்கிறோம். போதாதா?
- வாசகர், கிள்ளான்

பதில்: போதாது. கரி அடுப்பில் இருப்பது முழுக்கத் தணல். உங்கள் கூடத்தில் புகைபோக்கியே கிடையாது. வெள்ளத்தில் மின்சாரம் போனால் ஓட்டும் ஜெனரேட்டருக்கும் இதே பேச்சுதான்: வீட்டுக்கு வெளியே, ஜன்னல் கதவிலிருந்து நன்றாகத் தள்ளி. மழை வந்தால் அடுப்பை வெளியிலேயே விட்டுவிட்டு, அரைவேக்காட்டுக் கோழியைச் சமையலறையில் வேகவைத்து முடியுங்கள்.