அத்தையும் ஆடலாம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே!

லீவு விட்டாச்சு, வீட்டுக்கு ‘ஜஸ்ட் டான்ஸ்’ வந்தாச்சு, இனி தினமும் கச்சேரிதான்னு நினைக்கிற தங்கச்சிகளா, டீபாயை நகர்த்தறதுக்கு முன்னாடி இந்த அக்கா சொல்றதையும் கேட்டுக்கோங்க. யூபிசாஃப்ட் 2009-ல் நின்டெண்டோ வீ-க்காகக் கொண்டுவந்த வீடியோ விளையாட்டு இது. இப்போ நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ஒரே பாட்டுக்கு ஆறு பேர் வரை ஆடலாம். டிவியில் ஒருத்தர் ஆடுவார், ஜாய்கான்ங்கற குட்டி கன்ட்ரோலரைக் கையில் பிடிச்சுக்கிட்டு நாமும் அதே மாதிரி ஆடணும்.

இதில் பல பேர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கு. ஸ்விட்ச்சில் ஆடும்போது இந்த விளையாட்டு உங்க காலைப் பார்க்கிறதில்லை, இடுப்பையும் பார்க்கிறதில்லை. வலது கையில் இருக்கிற ஜாய்கான் எப்படி அசையுதுங்கறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். குடும்பமா ஆட நினைக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல சேதி வேண்டாம். மூட்டுவலிக்காரி அத்தையை ஓரமா உட்கார வச்சு கைதட்டச் சொல்லாதீங்க. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒண்ணைப் போட்டு, ஒரு ஜாய்கானைக் கொடுங்க. பாட்டோட போக்கைப் பிடிச்சுக் கை வீசினா அவங்களுக்கும் மார்க் விழும். வருஷக்கணக்கா பரதம் கத்துக்கிட்ட பொண்ணு காலில் அடவு பின்னினாலும் அதுக்குத் தனி மார்க் கிடையாது! அவ முகம் சுண்டினா, விஷயத்தைச் சொல்லிப் புரியவைங்க.

மார்க் வாங்கற சூட்சுமமும் கையில்தான். டிவியில் ஆடறவரோட ஒரு கையில் கலர் கையுறை இருக்கும். அந்தக் கைதான் உங்க வலது கை. கண்ணாடி பார்க்கிற மாதிரி நினைச்சுக்கிட்டு அதை மட்டும் பின்தொடருங்க. இடது கைப் பழக்கம் இருக்கிற பிள்ளையும் வலது கையில்தான் பிடிக்கணும். கையைச் சுருக்கி ஆடாம, முழுசா வீசி, நிக்க வேண்டிய இடத்தில் சட்டுனு நிறுத்தினா ‘பெர்ஃபெக்ட்’ வரும். தங்க நிறத்தில் மின்னற ‘கோல்ட் மூவ்’ வந்தா விட்டுடாதீங்க, அதுக்கு மார்க் அதிகம். ஒரு பாட்டுக்கு உச்சபட்சம் 13,333. அஞ்சு ஸ்டாருக்கு 10,000 போதும். மத்தபடி, மார்க் பட்டியலை வச்சு மாமனார் மருமகன் பஞ்சாயத்து நடத்தறது எல்லா வீட்டிலும் உண்டு. அதில் நான் தலையிடமாட்டேன்.

மணிக்கட்டில் மாட்டற ஸ்ட்ராப் விஷயத்தில் மட்டும் நான் கறார். வீ வந்த புதுசுல, 2006-ல், வீசின வேகத்தில் ஸ்ட்ராப் அறுந்து ரிமோட் பறந்ததால், நின்டெண்டோ லட்சக்கணக்கான ஸ்ட்ராப்புகளை மாத்திக் கொடுக்க வேண்டியதாச்சு. ஜாய்கான் ஸ்ட்ராப்பில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். பிளஸ் இருக்கிற ஜாய்கானுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். மாத்திச் சொருகினா உள்ளே போய் மாட்டிக்கும், கழட்டறதுக்குள்ள உயிர் போகும். அடியில் இருக்கிற பூட்டை இழுத்துவிட்ட பிறகுதான் ஆட்டம்.

ஒரு ஜோடி ஜாய்கானில் ரெண்டு பேர் ஆடலாம். மிச்சப் பேருக்குப் போனையே கன்ட்ரோலரா வச்சுக்க ஆப் இருக்கு. ஆனா போனுக்கு ஸ்ட்ராப் கிடையாது, வியர்த்த கையில் வழுக்கும். அதனால போன் பெரியவங்களுக்கு, ஸ்ட்ராப் போட்ட ஜாய்கான் சின்னவங்களுக்கு. பாட்டு நடுவில் போன் வந்து ஆட்டம் கெடாம இருக்க ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டுக்கோங்க.

தரையையும் பாருங்க. டைல்ஸில் சாக்ஸ் போட்டுக்கிட்டு ஆடவே கூடாது, வெறுங்கால்தான் நல்லது. மிதியடியைச் சுருட்டி வச்சிடுங்க. துப்பட்டாவைக் கழட்டிடுங்க, புடவைன்னா கொசுவத்தைத் தூக்கிச் சொருகிடுங்க. குட்டிப்பயலை சோபா மேலே நின்னு ஆட விடாதீங்க, மேலே ஃபேன் சுத்துது. மாடி வீடுன்னா ராத்திரி குதிக்கிற பாட்டு வேண்டாம், கீழ்வீட்டுக்காரங்க முகத்தில் நாளைக்கும் முழிக்கணும்.

சரியா ஆடியும் மார்க் வரலைன்னா சத்தத்தைச் சோதிங்க. புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு ஒரு கணம் தாமதமா வரும். டிவி ஸ்பீக்கரோ ஒயர் போட்ட ஸ்பீக்கரோ போதும். டிவி செட்டிங்கில் ‘கேம் மோட்’ இருந்தா அதையும் போட்டுடுங்க.

இன்னும் வாங்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. ‘2023 எடிஷ’னில் இருந்து பெட்டிக்குள்ள கேம் கார்டு வர்றதில்லை, டவுன்லோடு பண்ற கோட் மட்டும்தான். யாரோ ஆடி முடிச்ச பெட்டியை மலிவா கிடைக்குதேன்னு வாங்கினா காலி டப்பாதான் மிஞ்சும். கூடுதல் பாட்டு வேணும்னா ‘ஜஸ்ட் டான்ஸ் பிளஸ்’னு தனிச் சந்தா கேட்கும். என் கட்சி, 2022 வரை வந்த கார்டுதான். பழசா வாங்கலாம், அலுத்துப்போனா அக்கம்பக்கத்தில் மாத்திக்கலாம். ஸ்விட்ச் லைட் வச்சிருக்கிறவங்க தனியா ஜாய்கான் வாங்கணும், அதில் கழட்ட வராது.

சனிக்கிழமை ஆட்டம்னா வெள்ளிக்கிழமை ராத்திரியே ஜாய்கானைச் சார்ஜில் போட்டுடுங்க. முழுசா ஏற மூணரை மணி நேரம் ஆகும்.