விளையாட்டிடமும் வீடே

பெற்றோருடன் வாழ இயலாத சிறுவர்கள் சிலர் சிறுவர் இல்லங்களில் வளர்கிறார்கள். அங்கு அவர்களுக்கு உணவும் உடையும் கல்வியும் கிடைக்கின்றன. ஆனால், உண்பது, படிப்பது, உறங்குவது ஆகியவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் நேரம் வகுக்கப்பட்டிருக்கும். அறையையும் பொருள்களையும் பலரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். இத்தகைய சூழலில், தான் விரும்பியதைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைச் சிறுவனுக்கோ சிறுமிக்கோ தருவது விளையாட்டு. அதனால், இல்லத்தில் விளையாட்டிடத்தை அமைப்பதற்கு மிகுந்த கவனம் தேவை.

நெதர்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் இதை நன்கு உணர்ந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரில் வெற்று இடங்கள் பல பயனற்றுக் கிடந்தன. 1947ஆம் ஆண்டு முதல் அவர் அத்தகைய இடங்களில் விளையாட்டிடங்களை வடிவமைத்தார். காலப்போக்கில் அவற்றின் எண்ணிக்கை 700ஐத் தாண்டியது. அகன்ற விளிம்புடைய மணல்தொட்டி, தாண்டிக் குதிக்கும் கற்கள், இரும்புக் கம்பிகள் போன்ற எளிய பொருள்களையே அவர் பயன்படுத்தினார். ஒரே கல் இருக்கையாகும், மேடையாகும், கடல் நடுவே தீவும் ஆகும். அதைச் சிறுவர்களின் கற்பனையே முடிவு செய்தது.

பின்னர், அதே நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 1960இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வில்லம் ஏறத்தாழ 125 சிறுவர்களுக்கானது. விளையாட்டிடத்தைக் கட்டடத்தின் ஒரு மூலையில் ஒதுக்கிவிட அவர் விரும்பவில்லை. இல்லம் முழுவதிலும் விளையாட்டுக்கு இடமளித்தார். சிறுவர்கள் வயதுக்கேற்ப எட்டுக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவுக்கும் சிறிய வீடு போன்ற ஒரு பகுதி இருந்தது. தரையில் வட்டமான பள்ளங்களும் தாழ்வான படிகளும் அமைக்கப்பட்டன. ஆங்காங்கே சிறிய கண்ணாடிகளும் பதிக்கப்பட்டன. அப்பகுதிகளை இணைக்கும் நடைபாதை ஒரு தெருவைப்போல் இருந்தது. அதன் சுவர்கள் சொரசொரப்பாக இருந்தன. விளக்குகள் தெருவிளக்குகளை நினைவூட்டின. வெளியே ஓடியாடியவர்கள், உள்ளே வந்ததும் சட்டென்று அடங்க வேண்டியதில்லை. தோழமையை நாடுபவர் தெருவுக்கு வரலாம். தனிமையை நாடுபவர் தம் மூலைக்குச் செல்லலாம்.

இன்று அக்கட்டடத்தில் சிறுவர்கள் வசிப்பதில்லை. எனினும், சிறுவர் இல்லங்களுக்கு உதவ விரும்புவோர் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். சுவருக்கு வண்ணம் பூசிப் புதிய பொம்மைகளை அடுக்கினால் மட்டும் போதாது. முதலில் அங்கு வாழும் சிறுவர்களின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். ஓடுவதற்குத் திறந்தவெளி, மழலையருக்குப் பாதுகாப்பான பகுதி, தனியே அமர்ந்து படிக்கவோ வரையவோ அமைதியான மூலை ஆகிய மூன்றும் தேவை. சில வேலைகளைச் சிறுவர்களே செய்து முடிக்க விட்டுவைப்பதும் நல்லது. தம் கையால் உருவாக்கிய இடத்தை அவர்கள் தமதென்று பேணுவார்கள்.

விளையாடுவது சிறுவர்களின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமை உடன்படிக்கை கூறுகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன. பெற்றோருடன் வாழ்ந்தாலும் இல்லத்தில் வாழ்ந்தாலும், எல்லாச் சிறுவர்களுக்கும் அவ்வுரிமை பொதுவானது.