விடைத்தாளை வாங்கிப் பார்

குலசேகரன்பட்டினம்,
மாசி, ஞாயிறு இரவு.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. காலையில் நீ போனில் அழுததில் பாதி எனக்குப் புரியவில்லை. மீதியை உன் அம்மா வந்து சொன்னாள். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது, மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாய், 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பாடத்துக்கு நேரே மட்டும் 'யு' என்று நிற்கிறது. பிளஸ் டூ கணக்கில் 94 வாங்கிய எனக்கு அரியரா, படிப்பே வேண்டாம், ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றாயாம். வா. ரெண்டு நாள் இருந்து கருப்பட்டிக் காபி குடி. மூன்றாம் நாள் பஸ்ஸில் நானே ஏற்றிவிடுகிறேன்.

போனில் பேசினால் நீ அழுவாய், எனக்குக் கோபம் வரும். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்தவன், எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

முதலில் அந்த 'யு'வைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில்தான் நீ படிக்கிறாய். தியரிப் பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. கேள்வித்தாள் நூறு மார்க்குக்கு வரும், அதை அறுபதாகச் சுருக்குவார்கள். தேறுவதற்கு இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். அது போதாது, செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது படியில்தான். உன் இன்டர்னல் 33 என்றாய். நூற்றுக்கு 44 எழுதியிருந்தால் அது 26.4 ஆகும், கூட்டினால் 59.4. ஐம்பதைத் தாண்டியும் 'யு'தான். நூற்றுக்கு 4 எழுதியிருந்தாலும் அதே 'யு'தான். ஒரு மார்க்கில் போயிருக்கிறாயா, நாற்பது மார்க்கில் போயிருக்கிறாயா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்குள் பெட்டியைக் கட்டுகிறாய்.

அதனால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம் போடு. மறுமதிப்பீட்டுக்கும் அதுதான் முதல் படி. நகல் வந்ததும் உங்கள் கல்லூரியில் அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்திப் பார்க்கச் சொல். கூட்டலில் பிசகோ, திருத்தாமல் விட்ட பக்கமோ இருந்தால் மறுமதிப்பீடு கேள். இல்லையென்றால் அந்தப் பணத்தை வீணாக்காதே. நகலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள், அடுத்த தேர்வுக்கு உனக்கு அதைவிட நல்ல கைடு கிடையாது.

நான் பி.எஸ்ஸி. படித்த காலத்தில் ரிசல்ட் பேப்பரில் வரும். நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. ஒரு ஏப்ரலில் கால்குலஸ் பேப்பரில் என் நம்பர் இல்லாமல் போனது. எந்தக் கணக்கில் போனது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் திரும்பப் படித்து அக்டோபரில் எழுதித் தேறினேன். உனக்கு அந்தத் தாளே கைக்கு வரும் என்கிறார்கள், வேண்டாம் என்கிறாயா?

நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். இங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள், தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கைக்கு மேலே போகக்கூடாது என்று ராக்கெட் வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேரே தெற்கே விட்டால் வழியெல்லாம் கடல். இங்கிருந்து ஏவப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட். அதன் முதல் பரீட்சை 2022 ஆகஸ்ட் 7, ஸ்ரீஹரிகோட்டாவில். ஃபெயில். 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள்களை ஒரு பக்கம் 356, மறு பக்கம் 76 என்று நீள்வட்டத்தில் கொண்டுபோய் விட்டது. 76 கிலோமீட்டரில் காற்று விடாது. செயற்கைக்கோள்கள் விழுந்துபோயின. அதில் ஒன்று நாடு முழுக்க 750 பள்ளி மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட்.

ஏன் போனது? இந்த இடத்தைக் கவனமாகப் படி. ராக்கெட் தன் வேகத்தைப் பெரும்பாலும் வெளியே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. உள்ளே முடுக்கத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. முடுக்கத்தைத் தொகையிட்டால் திசைவேகம், அதைத் திரும்பத் தொகையிட்டால் இருக்கும் இடம். உன் நான்காம் யூனிட்டைத்தான் அந்தக் கணினி விநாடிக்கு விநாடி போட்டுக்கொண்டு போகிறது. இரண்டாம் நிலை கழன்ற கணத்தில் சற்று நேரம் பலத்த அதிர்வு. கருவிகள் தாறுமாறாகக் காட்டின. எல்லாக் கருவியும் பழுது என்று கணினி முடிவு கட்டி, கைவசம் இருந்த மாற்று வழியில் போயிற்று. தொகையிட எண்ணே இல்லாமல் போன பிறகு கணக்கு எப்படிச் சரியாக வரும்? இஸ்ரோ செய்தது என்ன, எந்த விநாடியில் பிசகியது என்று பதிவுகளைப் பிரித்து மேய்ந்து, காரணத்தை ஊரறியச் சொன்னது. நிலை கழலும் முறையை மாற்றியது, கணினி முடிவெடுக்கும் விதத்தை மாற்றியது. 2023 பிப்ரவரி 10, இரண்டாம் முறை, பாஸ். அந்த மாணவிகளின் ஆசாதிசாட்-2 அதிலேயே மேலே போனது. ஆறு மாதத்தில் அரியரை முடித்தார்கள் என்று வைத்துக்கொள். விடைத்தாளைப் பார்க்காமல் முடித்திருப்பார்களா?

ராமானுஜனும் ஃபெயிலானவர்தானே என்று யாராவது ஆறுதல் சொல்ல வருவார்கள். நம்பாதே. அவர் மற்ற பாடங்களில் தவறினார். நீ கணக்கிலேயே தவறியிருக்கிறாய், தாயி. அவரிடம் உனக்கு எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. கும்பகோணத்தில் அவர் கைக்குக் கிடைத்தது கார் என்பவர் தொகுத்த ஒரு புத்தகம். அந்தக் கார் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்திய டியூஷன் வாத்தியார். அதாவது அதுவும் ஒரு வகையில் தேர்வுக் கைடுதான். ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகள் வரிசையாக இருக்கும், நிரூபணம் பேருக்குத்தான். அந்த இடைவெளியைப் பையன் சிலேட்டில் தானே போட்டு நிரப்பினான்.

உன் போனில் எத்தனை பிடிஎஃப் இருக்கிறது? பொங்கலுக்கு வந்தபோது நீ காட்டியதை எண்ணினேன், 46. சீனியர் நோட்ஸ், லோக்கல் ஆத்தர் புக், 'ஷ்யூர் கொஸ்டின்', தீர்த்த வினாத்தாள், போதாக்குறைக்குக் கேட்ட உடனே விடை எழுதித்தரும் ஆப். ஒரு வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாய். பேனா கையில் இல்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது. பண்டிகை நாளில் பிள்ளையை ஏன் கடிய வேண்டும் என்று விட்டுவிட்டேன். என் தப்பும் இதில் உண்டு.

ஒரு கணக்குத் தருகிறேன். பல வருஷமாகச் சுற்றிச் சுற்றி வருவது, உன் நோட்ஸிலும் நிச்சயம் இருக்கும். எக்ஸ் 0 முதல் 1 வரை. ஒய், எக்ஸ் வர்க்கத்திலிருந்து 2 கழித்தல் எக்ஸ் வரை. எக்ஸ் பெருக்கல் ஒய் என்பதைத் தொகையிடும் வரிசையை மாற்றி மதிப்புக் காண வேண்டும். விடை மூன்றின் கீழ் எட்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விடை பெரிசில்லை. படம் வரைந்தால் ஒரு பரவளையமும் ஒரு நேர்கோடும் (1, 1) என்ற புள்ளியில் முட்டும். வரிசையை மாற்றினால் அந்த முட்டும் இடத்தில் பரப்பு இரண்டாகப் பிரியும். ஒய் 0 முதல் 1 வரை ஒரு துண்டு, 1 முதல் 2 வரை இன்னொரு துண்டு. முதல் துண்டுக்கு வலது எல்லை பரவளையம், இரண்டாவதற்கு நேர்கோடு. படம் போடாமல் மனப்பாடம் பண்ணியவர்கள் எல்லைகளை அப்படியே திருப்பிப் போட்டு ஒரே துண்டாக எழுதிவிட்டு வருவார்கள். நான் திருத்திய தாள்களில் இந்த ஒரு தப்புக்கே எத்தனை சிவப்புக் கோடு இழுத்திருப்பேன் என்று கணக்கில்லை. நோட்ஸைப் பார்க்கும்போது எல்லாம் விளங்கும். வெறும் தாளின் முன் உட்காரும்போதுதான் இரண்டாவது துண்டு காணாமல் போகும்.

நீ பாஸாகிவிட்டால் தசராவுக்குக் குறத்தி வேஷம் போட்டு வருகிறேன் என்று உன் ஆச்சி முத்தாரம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். எழுபத்தாறு வயதில் குறத்தி வேஷம்! நேர்ந்தது நேர்ந்ததாக இருக்கட்டும். படம் நீதான் போட வேண்டும்.

கேள்வித்தாள் எப்படி என்று உனக்கே தெரியும். இரண்டு மார்க் பத்து, பதினாறு மார்க் ஐந்து. யூனிட்டுக்கு இருபது. 'ரெண்டு யூனிட்டை விட்டுவிட்டால் போதும்' என்று ஹாஸ்டலில் ஒரு சாஸ்திரம் உலவுமே, அதைக் கணக்காகப் போட்டுப் பார். மிச்சம் அறுபது. அதில் 45 எடுக்க வேண்டும். நாலில் மூன்று பங்கு பிசகில்லாமல் எழுதுகிறவள் எதற்கு யூனிட்டை விட வேண்டும்? ஐந்தையும் தொடு. மேட்ரிசஸ் உனக்கு வரும், அதை முதலில் கெட்டியாக்கு. ஒரே புத்தகம், ஒரே நோட்டு. வாரம் ஒரு பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம், போனை உன் வார்டனிடம் கொடுத்துவிட்டு எழுது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், அருமையானவை. கணக்கைப் போட்டு முட்டிக்கொண்ட பிறகு பார்.

இங்கிலீஷ் புரியவில்லை என்று சொல்ல நீ கூச்சப்படுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். 'பார்ஷியல் டெரிவேட்டிவ்' என்று அவர்கள் பயமுறுத்துவது பகுதி வகைக்கெழு. உன் பிளஸ் டூ கணக்கு இரண்டாம் தொகுதியில் ஒரு பாடமே இருக்கிறது, நீ தமிழில் படித்து எழுதிய பாடம். அதை ஒரு முறை தமிழிலேயே வாசித்துவிட்டு மூன்றாம் யூனிட்டுக்குப் போ. இதில் என்ன வெட்கம்?

அறைத்தோழி 'ஏ பிளஸ்' வாங்கியிருக்கிறாள் என்று குமுறினாயாம். நீ படிக்கும் 2021 விதிமுறையில் தேறியவர்களின் மார்க்கை மட்டும் ஒன்றாகக் கொட்டி, அவர்களுக்குள் யார் மேலே யார் கீழே என்று பார்த்துக் கிரேடு போடுகிறார்கள். இது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். இருபது துளைச் சல்லடையில் தொடங்கி ஆயிரம் துளை வரை பத்துச் சல்லடை. அதில் பிரிவது பருமன் மட்டும். ஆணி முத்தா இல்லையா என்பதை உருட்சியும் ஒளியும் பார்த்து ஒரு மனிதன்தான் சொல்ல வேண்டும், அது தனி வேலை. 1961க்குப் பிறகு பெரிய குளிப்பு நடக்கவில்லை, நீயெல்லாம் அதைப் பார்த்திருக்க மாட்டாய். அவள் கிரேடு அவளுடைய சல்லடை. நீ இன்னும் அதில் கொட்டப்படவே இல்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். 'டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு' என்பது எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலேயே தேறுகிறவர்களுக்கு. அது உனக்குப் போய்விட்டது. மறுமதிப்பீட்டில் மாறினால் ஒழிய திரும்பி வராது. ஒரு நாள் அழு, தப்பில்லை. முதல் வகுப்பு எங்கும் போகவில்லை.

உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோவும், உன் பிளஸ் டூ கணக்கு இரண்டாம் தொகுதியும் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், புதன்கிழமை வருகிறான். மேலே சொன்ன கணக்கை, படத்தோடு, நீயே போட்டு அவனிடமே கொடுத்தனுப்பு. நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள். இதைப் படித்ததும் கல்லூரி ஆபீஸுக்குப் போய்க் கடைசித் தேதி என்ன என்று கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் மாமா