பழைய மோட்டார் காரின் பெட்ரோல் மானி: தடுமாற்றமும் பரிகாரமும்

தொட்டியில் பெட்ரோல் இருக்கையில் மானி ‘காலி’ எனக் காட்டினால் விளைவது வீண் கவலையே. காலியான தொட்டியை ‘நிறைவு’ எனக் காட்டினாலோ வண்டி நடுவழியில் நின்றுவிடும். குறையை முறையாகத் தேடினால், புதிய மானி வாங்கும் செலவு பெரும்பாலும் நேராது.

அமைப்பு: தொட்டியினுள் மிதவை ஒன்று பெட்ரோல் மட்டத்தோடு ஏறியிறங்கும். அதன் கை, மின்தடைச் சுருளின்மீது ஒரு தொடுமுனையை நகர்த்தும். தடை மாறவே மின்னோட்டம் மாறும், முள் நகரும். மின்சுற்று தொட்டியின் உலோகத்தின் வழியாகவும் காரின் உடற்பகுதி வழியாகவும் முற்றுப்பெறுகிறது.

வகைகள்: பழைய பிரிட்டிஷ் கார்களில் இரு வகை மானிகள் உண்டு. காந்தச் சுருள் மானியின் முள் விரைந்து அசையும். வண்டி குலுங்குகையில் அது ஆடுவது இயல்பே. 1960-களில் பரவிய ஈருலோகப் பட்டை மானியோ மெல்ல நகரும். அதற்குச் சராசரி 10 வோல்ட் அளிக்கும் மின்னழுத்தச் சீராக்கி ஒன்று உண்டு. இம்முள் துள்ளினால் குறை உளதென அறிக.

சோதனை: ஸ்விட்சை அணைத்து, தொட்டியிலுள்ள மானிக் கம்பியைக் கழற்றி, எதிலும் படாமல் விலக்கி வைத்து, மீண்டும் ஸ்விட்சைப் போடுக. காந்த மானி ‘நிறைவு’ என்றும், ஈருலோக மானி ‘காலி’ என்றும் காட்டவேண்டும். பின்னர் ஸ்விட்சை அணைத்து, கம்பியைத் தொட்டிக்குத் தொலைவில் காரின் உடலோடு இணைத்து, மறுபடி போட்டால் முள் எதிர்த்திசையில் செல்லவேண்டும். முள் அசையத் தொடங்கியதும் அணைத்துவிடுக. தாமதித்தால் ஈருலோக மானி கருகக்கூடும். முள் இவ்வாறு இயங்கினால் மானியும் கம்பியும் பழுதற்றவை. குறை தொட்டிப் பகுதியிலேயே உள்ளது.

குறைகள்: கம்பியை முன்போல் பூட்டியபின், தொட்டியின் உலோகத்தையும் காரின் உடலையும் தனிக் கம்பியால் இணைத்துப் பார்க்கவும். துள்ளல் நின்றால், துருப்பிடித்த எர்த் இணைப்பே காரணம். முள் எப்போதும் ஒரே மட்டத்தில் துள்ளினால், மின்தடைச் சுருள் அவ்விடத்தில் தேய்ந்திருக்கும். எப்போதும் ‘காலி’ எனில், மிதவையில் துளை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கலாம். பெட்ரோல் மானியும் வெப்பமானியும் ஒருங்கே மிகையாகக் காட்டினால் சீராக்கியையும் அதன் எர்த் இணைப்பையும் ஆராய்க.

எச்சரிக்கை: மிதவையை வெளியே எடுக்குமுன் பாட்டரி இணைப்பை நீக்குக. திறந்த வெளியிலேயே வேலை செய்க. விளக்கும் நெருப்பும் அருகே வரலாகாது.

ஆசிரியர்கள் கவனத்திற்கு: கழற்றிய பழைய மிதவைப் பகுதியைப் பெட்ரோல் வாடை அறவே நீங்குமாறு துடைத்துப் பல நாள் உலர்த்தி, உலர்மின்கலம், சிறு அம்மீட்டர், தக்க மின்தடை ஆகியவற்றோடு தொடராக இணைத்தால், மாறுமின்தடைப் பாடத்தை மாணவர் கண்கூடாகக் காண்பர்.