இசை பயிலும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பயிற்சி: பெற்றோருக்குச் சில குறிப்புகள்

மிசிசாகாவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வார இறுதியில் வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவற்றைக் கற்று வருகின்றனர். வாரம் ஒருமுறை நடைபெறும் வகுப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சனிக்கிழமை கற்ற பாடத்தை அடுத்த வெள்ளிக்கிழமை இரவுதான் பிள்ளை திறந்து பார்க்குமாயின், மறுநாள் ஆசிரியர் பழைய பாடத்தையே மீண்டும் சொல்லிக்கொடுக்க நேரும். பிள்ளைக்குச் சலிப்பும் பெற்றோருக்குச் சினமுமே மிஞ்சும். திறமை இன்மையாலன்றி, வீட்டில் எழும் இச்சச்சரவாலேயே வகுப்பை விட்டு விலகும் பிள்ளைகளும் உண்டு.

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் பிறருடன் சேர்ந்து 1993 இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு பெர்லின் இசைக்கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றியது. பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி என்னும் பேச்சு பின்னர் அதிலிருந்தே பரவிற்று. ஆயினும் பெற்றோர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி அந்த எண்ணன்று. மிகச் சிறந்த மாணவர்களும் தம் பயிற்சியை இடைவிடாது நீட்டவில்லை; ஏறக்குறைய ஒன்றரை மணி நேர அமர்வுகளாகப் பிரித்து, இடையே ஓய்வெடுத்தனர். வளர்ந்தவர்களுக்கே அது அளவாயின், எட்டு வயதுப் பிள்ளைக்கு நாள்தோறும் பதினைந்து அல்லது இருபது நிமிடங்கள் போதும். பள்ளிவிட்டு வந்து சிற்றுண்டி அருந்தியபின் என ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடுகளில் அயலவரின் உறக்கம் கெடாதிருக்கவும் அந்நேரமே ஏற்றது.

அந்த இருபது நிமிடங்களில் என்ன செய்வது? பாடத்தை முதலிலிருந்து இறுதிவரை ஓட்டிப் பாடுவது பயிற்சியாகாது. ஓர் எடுத்துக்காட்டு: 16 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் வகுத்ததாகக் கொள்ளப்படும் சரளி வரிசையை மாயாமாளவகௌளை இராகத்தில் பயில்கிறோம். அதில் ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டியும், தைவதம் பஞ்சமத்தை ஒட்டியும் நிற்கும். இங்குள்ள பள்ளிகளில் மேலைநாட்டு மேஜர் ஸ்கேலைக் கேட்டுப் பழகிய பிள்ளை, அவ்விரு சுரங்களையும் தன்னையறியாமல் உயர்த்திப் பாடிவிடும். அவ்வளவில் இராகம் சங்கராபரணமாகிவிடும். மூன்றாம் காலத்தில் விரைந்து பாடுகையில் இப்பிழை காதில் விழாது. எனவே முதற் காலத்தில், சுருதிப்பெட்டியுடன், பிழை நேரும் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் பலமுறை பாடச் செய்தல் நன்று. வீட்டில் கீபோர்ட் இருப்பின், பிள்ளையின் ஷட்ஜத்துக்குரிய கட்டையைக் கண்டறிந்து, அதற்கு மேலே அடுத்துள்ள கட்டையை, கறுப்பாயினும் வெள்ளையாயினும், அழுத்திப் பாருங்கள், அதுவே ரிஷபம். இசை அறியாத பெற்றோரும் இதனைச் சரிபார்க்கலாம்.

எங்களில் பலர் வட இலங்கைச் சங்கீத சபையின் தரத் தேர்வுகளுக்காக அதிகாலையில் எழுப்பப்பட்டவர்கள். அந்த நினைவை வைத்துப் பிள்ளையை அதட்டுவதால் பயனில்லை. அருகில் அமர்ந்து தாளம் போடுங்கள், அல்லது, “இன்று எந்த இடம் கடினமாயிருந்தது?” என்று கேளுங்கள். அவ்விடத்தைப் பிள்ளையே தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சென்றால், ஆசிரியர் வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம். வகுப்பில் பாடியதைக் கைபேசியில் பதிவுசெய்ய ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெறுங்கள்.

கருவி பயில்வோர்க்கு இன்னுமொன்று. கார்காலம் முடிந்து வீட்டில் வெப்பமூட்டி இயங்கத் தொடங்கியதும் காற்று உலர்ந்துவிடும். வயலினின் பிரடைகள் தளர்ந்து சுருதி இறங்கும். மரம் வெடிக்கவும் கூடும். மிருதங்கத்தின் தோலும் இறுகும். வெப்பக்காற்று வரும் துவாரத்தின் அருகிலோ பனியில் நிற்கும் காரினுள்ளோ கருவியை வைக்காதீர்கள். அறையில் ஈரப்பதமூட்டி ஒன்றை வைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காடு அளவில் பேணுங்கள். பெட்டியைத் திறந்ததும் சுருதி சேர்க்கவே பத்து நிமிடம் செலவாகுமாயின், சிறு பிள்ளை அன்று வில்லைத் தொடாமலே பெட்டியை மூடிவிடும்.