கண்ணைப் பார்த்தால் நோய் தெரியுமா?

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் முன்னோர் மொழி. அந்த முகத்திலும் முதன்மை பெற்றது கண். காய்ச்சல் என்றோ களைப்பு என்றோ டாக்டரிடம் சென்றால், அவர் நாடி பார்ப்பதோடு கீழ் இமையை விலக்கிக் கண்ணையும் பார்க்கிறார். அங்கே அவர் எதைத் தேடுகிறார்? கண்ணைச் சோதித்தே உடலின் நலத்தை அறிய முடியுமா? எல்லா நோய்களையும் கண்ணிலேயே கண்டுவிடலாம் என்று கூறுவோரும் உளர். இதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வோம்.

வெளியே தெரியும் அடையாளங்கள்

மஞ்சள் காமாலையை யாவரும் அறிவோம். நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. அதை அகற்றுவது கல்லீரலின் வேலை. அவ்வேலை தடைப்பட்டால் அப்பொருள் உடலில் தேங்கி, விழியின் வெண்பகுதியை மஞ்சளாக்குகிறது. காரட், பப்பாளி முதலியவற்றை மிகுதியாக உண்பவரின் தோலும் மஞ்சளாகலாம். ஆனால் அவர்களுடைய கண் வெண்மையாகவே இருக்கும். இந்த வேறுபாட்டை அறிந்தே டாக்டர் கண்ணைப் பார்க்கிறார்.

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர் விழியின் வெண்பகுதியில் நுரை போன்ற வெண்திட்டுகள் தோன்றலாம். 1863 ஆம் ஆண்டில் இவற்றை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் பிட்டோவின் பெயராலேயே இவை வழங்குகின்றன. கவனியாமல் விட்டால் குழந்தையின் பார்வையே பறிபோகும். முருங்கைக்கீரை, மாம்பழம், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவை இவ்வைட்டமின் நிறைந்த உணவுகள்.

வில்சன் நோய் என்பது அரிதான ஒரு பரம்பரை நோய். இதில் உடலிலிருந்து வெளியேற வேண்டிய செம்பு, கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடுகிறது. அதே செம்பு விழியின் முன்புறத்திலுள்ள கார்னியாவின் ஓரத்திலும் படிந்து, பழுப்பு வளையமாகத் தெரிவதுண்டு. கண்ணில் கண்ட வளையம் கல்லீரலின் துன்பத்தைச் சொல்லிவிடுகிறது!

உள்ளே திறந்த சன்னல்

முற்காலத்தில் கண்ணின் உட்புறத்தை எவராலும் காண இயலவில்லை. உள்ளே செல்லும் ஒளி வந்த வழியே திரும்புகிறது. அதைக் காணக் குனிந்தால் பார்ப்பவரின் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணாடித் தகடுகளால் ஒளியைக் கண்ணுக்குள் திருப்பி, அதே வழியில் நோக்கும் கருவியை அமைத்து, 1851 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதுவே ஆப்தால்மாஸ்கோப்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. உடலைக் கீறாமல், இரத்தக் குழாய்களை நேரே கண்ணால் காணத்தக்க இடம் விழித்திரை. நீரிழிவு நோயாளரின் விழித்திரையில் நுண்குழாய்கள் புடைத்து, இரத்தம் கசிந்திருப்பதைக் காணலாம். இரத்த அழுத்தம் நெடுநாள் மிகுந்திருந்தால் குழாய்கள் குறுகித் தோன்றும். மூளையில் கட்டி முதலியவற்றால் மண்டையோட்டினுள் அழுத்தம் மிகுந்தால், பார்வை நரம்பின் முனை வீங்கிக் காணும். தலைவலி என்று வந்தவரின் கண்ணை டாக்டர் உற்று நோக்குவதன் காரணம் இதுவே.

இக்காலத்தில் கணிப்பொறியும் இப்பணியில் இறங்கியுள்ளது. விழித்திரைப் படங்களைக் கொண்டு நீரிழிவின் பாதிப்பைக் கண்டறியப் பயிற்றுவிக்கப்பட்ட முறையை 2016 ஆம் ஆண்டில் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். அதற்கு உதவிய படங்களுள் இந்தியக் கண் மருத்துவமனைகளின் படங்களும் உண்டு.

உண்மை போல் தோன்றும் பொய்

பாவையைச் சுற்றியுள்ள நிறமுள்ள வளையத்திற்கு ஐரிஸ் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹங்கேரி நாட்டின் பெக்ஸெலி என்பவர், ஐரிஸின் ஒவ்வொரு பகுதியும் உடலின் ஓர் உறுப்பைக் குறிக்கிறது என்று கூறினார். "ஐரிடாலஜி" என்னும் இம்முறையில் சிறுநீரகத்திற்கு ஓரிடம், பித்தப்பைக்கு ஓரிடம் என்று வரைபடமே உண்டு.

இதனைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், 143 பேரின் ஐரிஸ் படங்கள் இம்முறையினர் மூவரிடம் காட்டப்பட்டன. சிறுநீரக நோயுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. 1988 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில், பித்தப்பை நோயுள்ள 39 பேர், இல்லாத 39 பேர் ஆகியோரின் படங்கள் ஐவரிடம் தரப்பட்டன. முடிவு அதுவே.

நாமே சிந்தித்தாலும் இது விளங்கும். ஆதார் அட்டைக்கு ஐரிஸைப் படம் எடுக்கிறார்களே, ஏன்? அதன் கோலம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஆனால் ஒருவருக்கு ஆண்டுகள் பல சென்றாலும் பெரிதும் மாறுவதில்லை. நோய் வரும்போதும் போகும்போதும் மாறாத ஒன்று, அந்நோயை எவ்வாறு நமக்குச் சொல்லும்?

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த அடையாளம் கண்ணில் எவ்வாறு வந்தது? காமாலைக்குப் பிலிரூபின், வில்சன் நோய்க்குச் செம்பு, நீரிழிவுக்குக் கசியும் குழாய் என்று காரணம் காட்டலாம். ஐரிஸ் வரைபடத்திற்கு அத்தகைய காரணமும் இல்லை. சோதனையில் அது தேறவும் இல்லை.

அடையாளம் வேறு, முடிவு வேறு

உண்மையான அடையாளத்திற்கும் ஓர் எல்லை உண்டு. கீழ் இமையின் உட்புறம் சிவந்திராமல் வெளுத்திருந்தால் சோகை இருக்கலாம் என்று ஐயுறுகிறோம். ஆனால் இமை சிவந்திருப்பவருக்கும் இலேசான சோகை இருக்கக்கூடும். இரத்தத்தைச் சோதித்து ஹீமோகுளோபின் அளவைக் கண்டால்தான் உறுதி. நம் வயதுப் பெண்களுக்கு அது 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையலாகாது.

2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவிகிதத்தினருக்குச் சோகை உள்ளது. நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர்! படிக்கும்போது கண் செருகுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பாடம் மனத்தில் நிற்கவில்லை என்றால், அவளைச் சோம்பேறி என்று கடிந்து கொள்ளுமுன் அவள் இரத்தத்தைச் சோதிக்க வேண்டாமா? பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

மாணவியரே, வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் இருப்பின் அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது" என்று அவர்கள் வாளாவிருத்தல் கூடாது. விழித்திரை நோய் தொடக்கத்தில் வலியும் தராது, பார்வையையும் மங்கச் செய்யாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்டு விழித்திரையைச் சோதித்தல் வேண்டும். மருந்தினால் சில மணி நேரம் பார்வை மங்கலாயிருக்கும். ஆகையால் துணைக்கு நீங்களே சென்று வரலாம்.

கண் நம் உடலின் செய்திகள் சிலவற்றை உண்மையாகவே கூறுகிறது, எல்லாவற்றையும் அன்று. அது கூறுவதைக் கேட்டு உரிய காலத்தில் டாக்டரை நாடுவோம்; அது கூறாததைக் கூறுவதாகச் சொல்வோரிடம் ஏமாறாதிருப்போம்.